எப்படிச் சொன்னாள்?

தான் எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்லிவிடுவோம் என்று ஆவுடைக்கு ஒரு பயம். வழி கேட்டவனுக்குக் கிழக்கே கைகாட்டி அனுப்புவாள். அவன் நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலேயே ஓடுவாள். "இரும் ஐயா, இரும். கெழக்குதானான்னு ஒருக்க யோசிச்சுக்கிடுதேன்."

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஐம்பது வயதில் ஆற்றங்கரை மடத்துக்குப் பாடம் கேட்க வந்தாள். வந்து நாலு வருஷம் ஆகியும் பாட்டை ஒப்பிக்கச் சொன்னால் முதல் சொல்லிலேயே நின்று, "இதுதானா?" என்று பக்கத்தில் கேட்பாள்.

அப்படிப்பட்டவளைத்தான் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.

மடத்தின் தலைவர் வேலப்ப அடிகள். ஆவுடையைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். காலையில் கூடத்தில் பாய் விரித்துப் பாடம் நடக்கும். யாரும் வரலாம். முந்தி வந்தவர் முன்னால், பிந்தி வந்தவர் பின்னால். உட்கார்ந்த பிறகு யாரும் யாருக்காகவும் எழுந்திருப்பதில்லை. அது மடத்து வழக்கம்.

ஒருநாள் பண்ணையார் வந்தார். ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கதையிலும் பண்ணையார் என்றே இருக்கட்டும். மடத்து நிலம் அவருடைய தாத்தா எழுதிவைத்தது. பாடம் கேட்க ஆசைப்பட்டு வந்தாரா, வந்ததாக நாலு பேர் பார்க்கட்டும் என்று வந்தாரா, அது அவருக்கே தெரியும்.

அடிகள் இன்னும் வந்திருக்கவில்லை. முன்வரிசையில் செங்கமலமும் ஆவுடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் முந்தின நாள் பாட்டைச் சத்தம்போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பண்ணையார் செங்கமலத்திடம் வந்து ஏதோ சொன்னார். செங்கமலம் நிமிர்ந்து ஏதோ சொன்னாள். பண்ணையார் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அந்தச் சத்தத்தில் இரண்டு பேர் பேச்சும் விழுந்தது ஆவுடையின் காதில் மட்டும்தான்.

மத்தியானம் தாளில் எழுதிப் புகார் வந்தது.

'செங்கமலம் என்னிடம் துடுக்காகப் பேசினாள். ஆகவே அவளை மடத்தைவிட்டு அனுப்ப வேண்டும்.'

செங்கமலம் மடத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவள். முப்பது வயது. அவள் பிறந்த தெருவில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இதற்கு முன்னால் மூன்று மடங்களுக்குப் போய் மூன்றிலும் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவள். இங்கே நூறு பாட்டுள்ள ஒரு பழைய நூலைப் படித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தேழு பாட்டு முடிந்திருந்தது. ஒரு தடவை கேட்டால் போதும், மறக்க மாட்டாள்.

புகாரை விசாரிக்க அந்த மடத்தில் ஒரு முறை உண்டு. கூடத்தில் எல்லோர் முன்னாலும் சாட்சி நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏட்டுக்காரர் பலவேசம் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும், "எப்படி?" என்று கேட்பார். கோபமாகவா, சிரித்துக்கொண்டா, முனகலாகவா என்று சொல்லியாக வேண்டும். 'போய் வா' என்பதை வாழ்த்தியும் சொல்லலாம், விரட்டியும் சொல்லலாம் என்று முந்தைய அடிகள் ஒருவர் வைத்துவிட்டுப் போன முறை. கடைசியில் புகார்த்தாளின் கீழே சாட்சி கையெழுத்துப் போட வேண்டும்.

"மடத்து முறைப்படியே நடக்கட்டும்" என்று பண்ணையாரும் சொல்லியனுப்பிவிட்டார்.

ஆவுடை கொல்லைப்புறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பண்ணையாரின் காரியஸ்தர் நமச்சிவாயம் வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்குப் பலவேசம் 'எப்படி'ன்னு கேப்பாரு. நீ 'துடுக்கா'ன்னு சொல்லணும். அம்புட்டுதான். நாலு எழுத்து."

"எனக்கு ஒரு எழுத்துக்கே பயம்யா."

"ஒம் மவன் யார் வயல்ல உழுதுட்டு இருக்கான்?"

"ஐயா வயல்ல."

"பொறவு என்ன?" அவர் ஒரு கீரைத்தண்டை எடுத்து ஒடித்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

ஆவுடை ஆய்ந்த கீரையை எறிந்தாள். குப்பையைச் சட்டியில் போட்டாள். கிணற்றடியில் நின்ற செங்கமலம் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன யக்கா, இன்னைக்குக் காம்புக் குழம்பா?"

"சிரிக்காத. நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படிச் சொன்னேன்?"

"அதத்தான் நாளைக்கு என்கிட்ட கேப்பாங்க!"

"எடம் இருந்துச்சு. இருக்குன்னு சொன்னேன். இல்லாத எடத்த இருக்குன்னு சொன்னாத்தான தப்பு?"

"கொஞ்சம் குனிஞ்சு சொல்லியிருக்கலாம்லா?"

"குனிஞ்சு சொன்னா எடம் முன்னால நகந்து வந்துருமா?"

செங்கமலம் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். கயிற்றைப் பிடித்தபடி உள்ளே பார்த்தாள்.

"யக்கா, என்னை அனுப்பிட்டா மிச்சம் முப்பத்து மூணு பாட்டையும் நீதான் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லணும்."

"நானா? நான் தப்பாச் சொல்லுவேனே."

"தெரியும். அதான் பயமா இருக்கு" என்றாள் செங்கமலம். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஆவுடை கையைக்கூடத் துடைக்காமல் அடிகளிடம் போனாள். அவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, கிழிந்த பாயின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, துடுக்காகன்னா என்ன அர்த்தம்?"

அடிகள் ஊசியைப் பாயில் குத்தி வைத்தார்.

"செங்கமலம் பண்ணையாரிடம் சொன்னதை அப்படியே என்னிடம் சொல்லுங்கள்."

"உங்ககிட்டயா? ஐயோ, மாட்டேன்."

"சொல்லுங்கள்."

ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். "பின்னால எடம் கெடக்கு ஐயா. அங்கயும் காது கேக்கும்."

கண்ணைத் திறந்தபோது அடிகள் அங்கே இல்லை. கூடத்தின் கடைசிக்குப் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது பேசுங்கள்" என்றார் அங்கிருந்து.

"என்னத்தப் பேச சாமி?"

"கேட்கிறது" என்றார்.

ஆவுடைக்கு அழுகை வரும்போல் இருந்தது. "சாமி, வெளையாடாதீங்க. எனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேணும்."

"அந்தச் சொல்லை யார் யாரைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?"

"என் மாமியா என்னச் சொல்லுவா. துடுக்கா நிக்கா, துடுக்கா பாக்கான்னு. அதுக்கு முந்தி வாத்தியாரு சொன்னாரு. மூணாம் வகுப்புல."

"என்ன செய்தீர்கள்?"

"கணக்கு ஒண்ணு தப்பா இருக்குன்னேன். அவரு போட்ட கணக்கு."

"தப்பாக இருந்ததா?"

"இருந்துச்சு."

"பிறகு?"

ஆவுடை புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். "பொறவு நான் என் மருமவளச் சொல்லியிருக்கேன். நான் வச்ச குழம்புல உப்புக் கூடன்னா. கூடத்தான் இருந்துச்சு. ஆனாலும் சொல்லிப்புட்டேன். துடுக்காப் பேசுதான்னு தெருவெல்லாம் சொன்னேன்."

"மருமகள் எப்போதாவது உங்களை அப்படிச் சொன்னதுண்டா?"

"என்னையா? அவ எப்படி சாமி என்ன..."

ஆவுடை பாதியில் நிறுத்திவிட்டாள். அடிகள் எழுந்து வந்து பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியை எடுத்தார்.

"அர்த்தம் கேட்டேனே சாமி."

"சொல்லிவிட்டீர்களே."

"நாளைக்கு என்ன சொல்லட்டும்?"

"காதில் விழுந்ததை."

"தப்பாப் போச்சுன்னா?"

"இந்த ஊசியில் நூலைக் கோத்துக் கொடுங்கள். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை."

ஆவுடை நூலை வாங்கினாள். ஆறு தடவை தவறியது. ஏழாவது தடவை ஊசிக்காதில் நுழைந்தது.

மறுநாள் காலையில் கூடம் நிறைந்திருந்தது. அடிகள் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பலவேசம் ஏட்டை மடியில் விரித்து, பேனாவை மையில் தொட்டுத் தயாராக இருந்தார். பண்ணையார் நடுவில் வந்து நின்றார். காரியஸ்தர் தூணோரம் நின்று ஆவுடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்ததைச் சொல்லும்மா" என்றார் பலவேசம்.

ஆவுடை எழுந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

"இல்லய்யா. இப்படிச் சொன்னாத் தப்பா வந்துரும். அன்னைக்கு அவுக அவுக எங்கன இருந்தாகளோ அங்கன இருக்கணும்."

"இருக்கட்டுமே" என்றார் பண்ணையார். அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

செங்கமலம் முன்வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பண்ணையார் அவள் எதிரே போய் நின்றார்.

"அங்கன இல்ல ஐயா. ஒரு எட்டு இந்தப் பக்கம். கையில குடை இருந்துச்சு."

காரியஸ்தர் ஓடிப்போய் வாசலில் இருந்த குடையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"விரிச்சு இல்ல. மடக்கி. நுனி செங்கமலத்தப் பாத்து இருந்துச்சு."

பண்ணையார் குடையை மடக்கினார். நுனியை நீட்டினார். யாரோ பின்னால் செருமினார்கள்.

"இப்பம் சொல்லு" என்றார் பலவேசம். "பண்ணையார் என்ன சொன்னாரு?"

ஆவுடைக்கு வேர்த்தது. "ஐயா சொன்னத என் வாயால எப்படிச் சொல்ல? ஒரு சொல்லு மாறிட்டா ஐயாவுக்குல்லா அவமானம். அவுகளே சொல்லிட்டா நல்லது."

"இதுக்கு இம்புட்டுப் பயமா?" பண்ணையார் சிரித்தார். "'ஏட்டி, எந்திரி. நான் இருக்கணும்'னேன். எழுதும்வே."

பலவேசம் எழுதினார். நிமிர்ந்தார்.

"எப்படி?"

"எப்படின்னா?"

"எப்படிச் சொன்னீகன்னு போடணும்யா. அதட்டியா, பிரியமாவா, கெஞ்சியா?"

"நான் ஏன்வே கெஞ்சணும்? சும்மா சொன்னேன். வாயத் தொறந்தேன், சொன்னேன். அதுல எப்படி என்ன வேண்டிக் கெடக்கு?"

"'சும்மா சொன்னார்'" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பலவேசம் எழுதினார். "செங்கமலம், நீ என்ன சொன்ன?"

செங்கமலம் குடையின் நுனியைப் பார்த்தாள். பிறகு பண்ணையாரைப் பார்த்தாள்.

"'பின்னால எடம் கெடக்கு ஐயா. அங்கயும் காது கேக்கும்'னேன்."

பேனா ஏட்டில் ஓடி நின்றது.

"எப்படி?" என்றார் பலவேசம், ஆவுடையைப் பார்த்து.

கூடம் முழுக்க ஆவுடையைப் பார்த்தது. தூணோரம் காரியஸ்தர் உதட்டை மட்டும் அசைத்தார். நாலு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தன. ஆவுடைக்கு மகன் முகம் வந்தது. முழங்கால் மண்ணோடு அவன் வரப்பில் நிற்பது வந்தது. அதன் பின்னாலேயே மருமகள் வந்தாள், கையில் கரண்டியோடு, ஒன்றும் பேசாமல்.

"தப்பாச் சொல்லக்கூடாதுல்லா" என்றாள் ஆவுடை.

"கூடாது."

"அப்பம் ஐயா சொன்ன சொல்லையே நானும் எடுத்துக்கிடுதேன். பெரியவுக சொன்னா தப்பு இருக்காது. அவளும் சும்மா சொன்னா. வாயத் தொறந்தா, சொன்னா." கொஞ்சம் யோசித்தாள். "ஐயாவ விட ஒரு பிடி சத்தம் கம்மி."

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பண்ணையாரின் முகம் சிவந்தது. "என்ன பேச்சு இது? நானும் அவளும் ஒண்ணா?"

பலவேசம் பேனாவை மையில் தொட்டார்.

"இதையும் ஏட்டுல ஏத்தணும்யா. எப்படிச் சொன்னீகன்னு போட?"

பண்ணையார் பதில் சொல்ல வாயெடுத்தார். நாற்பது முகங்கள் அவரையே பார்த்தன. ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. எல்லோரும் உண்மையாகவே அதைத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள்.

"அத எழுதாதேயும்."

"கூடத்துல சொன்னத விட முடியாதுய்யா. மொறை."

பண்ணையார் குடையை இடது கைக்கு மாற்றினார். "அப்பம் அதையும் சும்மான்னு போடும்" என்றார். அவர் குரல் அடங்கியிருந்தது.

"'சும்மா'" என்று எழுதி, பலவேசம் மையை ஊதிக் காயவைத்தார். பிறகு புகார்த்தாளை எடுத்து ஆவுடையிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடும்மா."

ஆவுடை தாளைத் தரையில் விரித்துக் குனிந்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் அவசரப்படுத்தவில்லை. படித்துக்கொண்டே வந்தவள் ஒரு சொல்லில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள். திரும்பவும் அதே சொல்லில் நின்றாள்.

"என்ன?" என்றார் பலவேசம்.

"இதுல ஒரு சொல்லு என் காதுல விழல."

"ஐயா பொய் சொல்லுதாருன்னா சொல்லுத?" காரியஸ்தர் தூணை விட்டு முன்னால் வந்தார்.

"சிவ சிவ! நான் அப்படிச் சொல்லுவனா? ஐயா காதுல விழுந்திருக்கும். எனக்கு விழல. விழாத சொல்லுக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு நானுல்லா மாட்டிக்கிடுவேன். மத்த எல்லாத்துக்கும் போடுதேன்."

காரியஸ்தர் அடிகளைப் பார்த்தார். அடிகள் ஆவுடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடை பலவேசத்தின் பேனாவை வாங்கினாள். தனக்கு எந்த வம்பும் வந்துவிடக் கூடாதென்று, 'துடுக்காக' என்பதைச் சுற்றி ஒரு வளையம் போட்டாள். அதன் பக்கத்தில், 'இது நான் கேட்கவில்லை' என்று கோணல் மாணலாக எழுதினாள். தாளின் கீழே தன் பெயரை எழுதினாள். சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

சாட்சி ஒப்புக்கொண்டதை மட்டும் வாசிப்பது மடத்து முறை. பலவேசம் வளையத்தை விட்டுவிட்டு உரக்க வாசித்தார்.

"'செங்கமலம் என்னிடம் பேசினாள். ஆகவே அவளை மடத்தைவிட்டு அனுப்ப வேண்டும்.'"

பண்ணையார் தாளை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்துத்தானா என்று பார்ப்பவர்போல நெடுநேரம் பார்த்தார். பிறகு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சாமி" என்றார் பலவேசம், ஏட்டின் கடைசி வரிக்குக் கீழே பேனாவை வைத்தபடி. "தீர்ப்பு என்னன்னு எழுத?"

அடிகள் எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"செங்கமலம் பேசினாள் என்பது உறுதியாகிவிட்டது" என்றார். "அறுபத்தெட்டாம் பாட்டு. செங்கமலம், நீங்கள் படியுங்கள்."